எவெங்கி மொழியை ஆய்வேட்டுக்கு எடுத்தவனின் அனுபவம்

எம்.ஏ. மொழியியல் கடைசி பருவத்தில் அழியும் நிலையில் உள்ள மொழி ஒன்றை எடுத்து ஆய்வேடு எழுதச் சொன்னார்கள். வகுப்பில் பாதிப் பேர் நீலகிரிக்குக் கிளம்பினார்கள். நான் சைபீரியாவுக்குப் போனேன், நூலகத்து நாற்காலியை விட்டு எழாமல்: அங்கே கலைமான் மேய்க்கும் மக்களின் எவெங்கி மொழியை எடுத்தேன். இந்த வருடம் இதே வழியில் வரப்போகிறவர்களுக்காக, நான் தடுக்கி விழுந்த இடங்களைச் சொல்லிவைக்கிறேன்.

முதலில் எண்ணிக்கை. 2010 கணக்கெடுப்பின்படி ரஷ்யாவில் எவெங்கி மக்கள் சுமார் 38 ஆயிரம், மொழி தெரிந்தவர்கள் 5 ஆயிரத்துக்கும் குறைவு. அதே ஆண்டுக் கணக்கில் சீனாவிலும் ஏறக்குறைய 30 ஆயிரம் பேர். ஆனால் அங்கே பெரும்பாலோரின் பேச்சு சோலோன். அதைத் தனி மொழியாகவே பலர் கருதுகிறார்கள். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகப் போடாதீர்கள். நான் போட்டேன், வழிகாட்டி சிவப்பு மையில் சுழித்தார்.

இலக்கணத்துக்குப் பயப்பட வேண்டாம். நம் ஆட்களுக்கு இது பாதி தெரிந்த வீடு மாதிரி. 'பு' என்றால் நாங்கள், 'மித்' என்றால் நாம். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் ஒரு பக்கம் விளக்கிப் புரிந்துகொள்வதை நாம் ஒரு நொடியில் தாண்டிவிடலாம். சொல்லின் வாலில் விகுதிகளை ஒட்டிக்கொண்டே போவதும் பழக்கப்பட்டதுதான். நாய்க்கு 'ஙினாகின்' என்று பெயர். சொல்லின் முதலிலேயே ங! அதற்கென்று சிரிலிக்கில் (ரஷ்ய மொழியின் எழுத்துமுறை) தனி எழுத்தும் வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்துமுறையை வாசிக்க இரண்டு வாரம் ஒதுக்குங்கள். கிளாஃபிரா வசிலேவிச் தொகுத்த 1958ஆம் ஆண்டு எவெங்கி–ரஷ்ய அகராதியைப் புரட்ட அது இல்லாமல் முடியாது.

சரி, நான் மாட்டிக்கொண்ட இடத்துக்கு வருகிறேன். வாய்மொழித் தேர்வில், "மொழியைக் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும்?" என்றார் தேர்வாளர். "பள்ளியில் கற்பிக்க வேண்டும்" என்றேன், தயங்காமல். "பள்ளிக்கூடம்தானே அதைக் கெடுத்தது?" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

சோவியத் காலத்தில் கலைமான் மேய்ப்பவர்களின் பிள்ளைகளை உண்டுறைப் பள்ளிகளில் சேர்த்தார்கள். பெற்றோர் மந்தையோடு தைகா காட்டில், பிள்ளை ஊரில், சுற்றிலும் ரஷ்ய மொழி. எவெங்கிப் பாடப்புத்தகம் இருந்தது, ஆனால் அதைப் பேச வீட்டில் ஆள் இல்லை. புத்தக மொழியிலும் ஒரு சிக்கல்: 1950களிலிருந்து அது போத்கமென்னயா துங்குஸ்கா ஆற்றுப் பக்கத்துப் பேச்சை ஒட்டியது. எவெங்கியர்களோ யெனிசே ஆற்றிலிருந்து ஒக்கோத்ஸ்க் கடல்வரை சிதறி வாழ்பவர்கள். பெண்ணைக் குறிக்கும் ஒரே சொல் ஓரிடத்தில் அசி, ஓரிடத்தில் அஷி, வடக்கே அஹி. பாட்டி 'அஹி' என்க, புத்தகம் 'அசி' என்றால், பிள்ளை பாட்டி சொல்வதைத் தப்பு என்றுதானே நினைக்கும்?

அதனால் பள்ளியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல், பள்ளியை மந்தையோடு அனுப்பிப் பார்க்கிறார்கள். ரஷ்யாவின் வடகிழக்கில் உள்ள யாகூத்தியாவில் இப்படிப்பட்ட நாடோடிப் பள்ளிகளுக்கு 2008இல் சட்டமே வந்தது. பிரெஞ்சு மானுடவியலாளர் அலெக்சாந்திரா லாவ்ரியே எவெங்கியர்களோடு சேர்ந்து அப்படியொரு பள்ளி நடத்தியதற்கு 2006இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். இதை என் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் நாலு வரியில் முடித்திருந்தேன். முதல் அத்தியாயமாகவே வந்திருக்க வேண்டியது.

அப்புறம் ஒன்று. ஒரு மொழி எவ்வளவு அழியும் நிலையில் உள்ளது என்று அளக்க யுனெஸ்கோ 2003இல் வகுத்த ஒன்பது அளவுகோல்களை மனப்பாடம் செய்தால் மட்டும் மதிப்பெண் வராது. தலைமுறைக்குத் தலைமுறை மொழி கைமாறுகிறதா என்பதை முதலில் எடுத்துக்கொண்டு, மந்தை, உண்டுறைப் பள்ளி, பாட்டியின் சொல் என்று உதாரணத்தோடு எழுதுங்கள். மறுமதிப்பீட்டுக்குத் திருத்தி எழுதியபோது நான் செய்தது அதைத்தான்; இந்த முறை சிவப்பு மை அவ்வளவாக இல்லை.