யாளியின் வாயில் ஒரு கல் உருண்டை

எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் யாளித் தூண்கள் இருக்கின்றன. சிங்க உடல், யானைத் துதிக்கை, பிதுங்கிய கண்கள், திறந்த வாய்க்குள் ஒரு கல் உருண்டை. விரலை விட்டுத் தள்ளினால் கடகடவென்று உருளும். வெளியே மட்டும் வராது. யாளியும் உருண்டையும் ஒரே கல்லில் குடைந்தவை, பல் இடுக்கைவிட உருண்டை பெரியது. சிறுவயதில் பாட்டி தூக்கிப் பிடிக்க அதை உருட்டியிருக்கிறேன். முப்பது வருடம் கழித்து, ‘மேஜிக்: தி கேதரிங்’ என்ற கார்டு ஆட்டத்துக்குச் சொந்தமாக ஒரு கிரீச்சர் (உயிரினம்) கார்டு செய்யப்போகிறேன் என்று அக்கா மகனிடம் வாய்விட்டபோது, யாளியைத் தவிர வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி 1993-இல் வெளிவந்தது. ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளிகள். தன் முறை வரும்போது ஒரு நிலக் கார்டை வைக்கலாம். நிலம் மானா என்ற மந்திர சக்தியைத் தரும். மானாவைச் செலவழித்துக் கிரீச்சர்களையும் மந்திரங்களையும் இறக்கி எதிராளியின் புள்ளிகளைக் கரைக்க வேண்டும். கிரீச்சர் கார்டின் வலது கீழ் மூலையில் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் எவ்வளவு அடிக்கும் என்பது, இரண்டாவது எவ்வளவு அடி தாங்கும் என்பது. ரசிகர்கள் கிரீச்சர் செய்வது ஒன்றும் புதிதல்ல. 2003-இல் ‘ஸ்கர்ஜ்’ தொகுப்பில் வந்த ‘ஃபர்காட்டன் ஏன்ஷியன்ட்’ ரசிகர்களின் வாக்கெடுப்பில் படிப்படியாக உருவானதுதான். என் கார்டுக்கு அந்த யோகம் கிடையாது, போட்டிகளிலும் செல்லாது. எங்கள் வீட்டுத் திண்ணையில் செல்லுபடியானால் போதும்.

முதல் வடிவத்தை ஒரே இரவில் எழுதி முடித்தேன். நான்கு மானா, 5/5. யாளி எதையும் மிதித்துக்கொண்டு போகும் என்பதால் ‘ட்ராம்பிள்’. கண் மூடாமல் காவல் நிற்கும் என்பதால் ‘விஜிலன்ஸ்’: தாக்கப் போனாலும் காவலை விடாது. துதிக்கை நீளமானது, பறப்பதையும் எட்டிப் பிடிக்கும், ஆகவே ‘ரீச்’. கருங்கல் ஆயிற்றே, அடித்து அழிக்க முடியாத ‘இன்டிஸ்ட்ரக்டிபிள்’. கடைசியாக வாய் உருண்டை: யாளி களத்துக்கு வந்ததும் எதிராளியின் ஒரு கிரீச்சரை ஆட்டத்துக்கு வெளியே ஒதுக்கி வைக்கும். இத்தனையையும் 63-க்கு 88 மில்லிமீட்டர் அட்டையில் அடைக்க எழுத்தைச் சுருக்கிக்கொண்டே போனேன்.

மருமகன் அதைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தான். “அழகாக இருக்கிறது மாமா. இதை நீங்கள் இறக்கிய பிறகு எனக்கு என்ன வேலை?”

கோபம் வந்தது உண்மை. ஆனாலும் அவன் கேட்டதுதான் கேள்வி. மேலும், இந்த ஆட்டத்தில் மானாவும் கார்டுகளும் ஐந்து நிறங்களில் வரும், ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் குணம் உண்டு. ‘ட்ராம்பிள்’, ‘ரீச்’ இரண்டும் பெரும்பாலும் பச்சையின் சொத்து. பிடித்து ஒதுக்கி வைத்து, பிறகு விட்டுவிடுவது வெள்ளையின் வழக்கம். யாளியைக் காவல்காரனாகப் பார்த்தால் அது வெள்ளைதான். ‘ட்ராம்பிள்’ போனது, ‘ரீச்’ போனது. துதிக்கையை விட மனமில்லை, படத்தில் மட்டும் வைத்துக்கொண்டேன். நிறம் ஒத்துவந்தும் ‘விஜிலன்ஸ்’ போனது. தூணோடு நிற்கும் யாளி எங்கே பாயப்போகிறது? தாக்கப் போகாமல் தடுத்து நிற்க மட்டுமே முடிகிற ‘டிஃபென்டர்’ என்ற ஒரே சொல், அந்த மூன்று வரிகளும் சொல்லாததைச் சொல்லிவிட்டது. மிஞ்சியவை உருண்டையும் ‘இன்டிஸ்ட்ரக்டிபிள்’ என்ற பிடிவாதமும்.

அடுத்த சிக்கல் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. என்னிடம் 2011-ஆம் ஆண்டின் ‘ஃபீண்ட் ஹன்டர்’ கார்டு ஒன்று இருக்கிறது. உருண்டை வித்தைக்கான வாசகத்தை அதைப் பார்த்து எழுதியிருந்தேன். இரண்டு தனி வரிகள்: யாளி களத்துக்கு வரும்போது ஒரு கிரீச்சரை ஒதுக்கு; யாளி களத்தை விட்டுப் போகும்போது அந்தக் கிரீச்சரைத் திருப்பிக் கொடு. படித்தால் பிசகே தெரியாது. நிலக் கார்டு ஒன்றின் மேல் துண்டுத்தாளை வைத்து ஸ்லீவுக்குள் (கார்டு உறைக்குள்) செருகி விளையாடினோம். இரண்டாவது ஆட்டத்தில் டெக்குகளை, அதாவது அவரவர் கார்டுக் கட்டுகளை, மாற்றிக்கொண்டோம், யாளி அவன் கைக்குப் போனது.

அவன் யாளியை இறக்கினான், என் டிராகனைக் குறிவைத்தான். முதல் வரி நிறைவேறுவதற்குள், கிரீச்சரைப் பலி கொடுக்கும் இன்னொரு கார்டைக் கொண்டு தன் யாளியையே பலியிட்டான். எனக்குப் புரியவில்லை. அவன் நிதானமாக விளக்கினான். இந்த ஆட்டத்தில் காத்திருக்கும் விளைவுகள் தட்டுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். கடைசியில் வைத்த தட்டுதான் முதலில் எடுக்கப்படும். ஆகவே “திருப்பிக் கொடு” என்பது முதலில் நடக்கும். அப்போது வாயில் எதுவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு “ஒதுக்கு” நடக்கும். டிராகன் போயே போய்விட்டது, திரும்ப வழியில்லை. யாளி இடுகாட்டில், உருண்டை யார் வாயிலும் இல்லை!

‘ஃபீண்ட் ஹன்டர்’ விஷயத்தில் இந்த ஓட்டை பிரபலமாம். இரண்டு வருடம் கழித்து வந்த ‘பேனிஷர் ப்ரீஸ்ட்’ கார்டில் அதே வேலையை ஒரே வாக்கியமாக்கி அடைத்திருக்கிறார்கள்: “அது களத்தை விட்டுப் போகும் வரை” ஒதுக்கி வை. அந்த “வரை” வந்தபின், யாளி முன்னதாகவே போய்விட்டால் எதுவும் ஒதுக்கப்படுவதே இல்லை. பத்திரம் எழுதும் வேலையில் இருக்கும் எனக்கு இது உறைத்திருக்க வேண்டும்.

பிறகு எண்கள். ‘இன்டிஸ்ட்ரக்டிபிளை’ விட்டேன், பதிலுக்கு 1/5 என்று வைத்து, அதில் பெருந்தன்மை காட்டியதாக நினைத்துக்கொண்டேன். மருமகன் வைத்திருப்பது சிவப்பு டெக். அதன் உயிர்நாடி ‘லைட்னிங் போல்ட்’: ஒரே ஒரு சிவப்பு மானா, மூன்று அடி. ஐந்து தாங்கும் யாளியிடம் அது பலிக்கவில்லை. நான்கு ஆட்டம் தொடர்ந்து அவனுடைய நல்ல கிரீச்சர் என் யாளியின் வாயில் கிடந்தது. நான்கிலும் அவன் சுவாரசியம் இல்லாமல் கார்டுகளைக் கலைத்தான். ஜெயித்தும் எனக்கு ருசிக்கவில்லை. கோயில் உருண்டையை எத்தனை தலைமுறைக் குழந்தைகள் தள்ளிப் பார்த்திருப்பார்கள்? இந்த முறை வந்துவிடும் என்று தோன்றுவதால்தானே! சிமெண்டு வைத்துப் பூசியிருந்தால் யார் விரலை விடுவார்கள்?

எண்ணை 2/3 ஆக்கினேன். இப்போது ஒரு ‘போல்ட்’ விழுந்தால் யாளி உடையும், சிறைப்பட்டது வெளியே வரும். ‘பேனிஷர் ப்ரீஸ்ட்’ மூன்று மானாவுக்கு 2/2. என் யாளி ஒரு அடி கூடுதலாகத் தாங்கும், ஆனால் தாக்கப் போகாது. அந்தக் கணக்கில் விலையையும் மூன்றாகக் குறைத்தேன்: இரண்டு வெள்ளை, ஒன்று எந்த நிறமானாலும். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை கார்டு எடுக்கும்போதும் அவன் கண்கள் ‘போல்ட்டை’த் தேடின. எட்டு ஆட்டங்களில் மூன்றில் அவன் ஜெயித்தான். அதில் ஒன்று, கடைசி நொடியில் யாளி உடைந்து, உள்ளே கிடந்த அவனுடைய டிராகன் வெளியே வந்து என்னை முடித்த ஆட்டம். அவன் போட்ட கூச்சலில் அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அடியில் சாய்வெழுத்தில் போடும் அலங்கார வரிக்கு ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டு, “உருளும், வெளியே வராது” என்பதோடு நிறுத்தினேன். ஆட்டப்படி அது பொய், வெளியே வரும். கார்டில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

‘மேஜிக் செட் எடிட்டர்’ என்ற இலவச மென்பொருளில் சட்டகம் அமைத்து, நான் பென்சிலில் வரைந்த படத்தைச் சேர்த்து, ஜெராக்ஸ் கடையில் தடித்த தாளில் அச்சடித்தேன். ஒரு டெக்கில் ஒரே கார்டு நான்கு வரை வைக்கலாம் என்பதால் நான்கு பிரதிகள். கடைக்காரர் வெட்டிக் கொடுத்துவிட்டு, எந்தக் கோயில் பிரசாதக் கவருக்கு என்று கேட்டார்.

இப்போது என் டெக்கில் ஒரு யாளி இருக்கிறது. மற்ற மூன்றும் மருமகன் டெக்கில். யாளிக்காகவே அவன் சிவப்போடு வெள்ளையையும் சேர்த்துவிட்டான்.