மலை எங்கே?

ஒரு தமிழ் நாளிதழின் செய்திப் பிரிவில் சேர்ந்த புதிதில் எனக்கு இரவு ஷிப்ட். ஏஜென்சியிலிருந்து வரும் ஆங்கிலச் செய்திகளைத் தமிழில் எழுத வேண்டும். ஜார்க்கண்ட், ஒடிசா செய்திகளில் 'டிரைபல்' என்று வந்தால் கை தானாக 'மலைவாழ் மக்கள்' என்று அடித்துவிடும். யாரும் திருத்தியதில்லை. எனக்கும் அது உறுத்தியதில்லை.

பிறகு ஒரு தேர்தல் வேலையாக ராஞ்சி போனேன். அங்கிருந்து குந்தி போகும் வழியெல்லாம் நெல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். கூட வந்த உள்ளூர் நிருபர் முண்டா இனத்தவர். ஓர் ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தி, தரையில் கிடந்த பெரிய கற்பலகைகளைக் காட்டினார். சசாந்திரி. ஒரு குலத்தின் முன்னோர்களை அடக்கம் செய்த கற்கள். "எங்களைப் பொறுத்தவரை நிலத்துக்குப் பட்டா இதுதான் அண்ணா" என்றார். எங்களை உங்கள் பேப்பரில் என்ன சொல்லி எழுதுகிறீர்கள் என்று கேட்டார். பொருளை இந்தியில் சொன்னேன். வயலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மலை எங்கே?" என்றார். அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் பதில் வரவில்லை.

ஊர் திரும்பியதும் அரசியல் நிர்ணய சபை விவாதங்களை எடுத்துப் படித்தேன். குந்தி பக்கம் டாக்ரா கிராமத்தில் 1903-இல் பிறந்த ஜெய்பால் சிங் முண்டா அதில் பேசுகிறார். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹாக்கி அணியின் கேப்டன், ஆக்ஸ்போர்டில் படித்தவர் என்ற அளவில்தான் எனக்கு அவரைத் தெரியும். அவருடைய மக்களுக்கோ அவர் 'மரங் கோம்கே', பெருந்தலைவர். 1946 டிசம்பர் 19 அன்று சபையில் எழுந்து, ஆதிவாசிகளுக்கு நீங்கள் ஜனநாயகம் கற்றுத்தர முடியாது, அவர்களிடமிருந்துதான் நீங்கள் கற்க வேண்டும் என்கிறார். தம் மக்களை 'வனஜாதி' என்று குறிப்பதை எதிர்த்து, 'ஆதிவாசி' என்ற சொல்லுக்காக வாதாடுகிறார். அரசியல் சட்டத்தில் அந்தச் சொல் இடம்பெறவில்லை. ஒரு சொல்லுக்காக ஒருவர் அந்தச் சபையில் மன்றாடியிருக்கிறார். நான் அதே மக்களுக்கு யோசிக்காமல் ஒரு பெயர் வைத்துக்கொண்டிருந்தேன்.

தமிழில் 'ஆதிவாசி' என்றால் சினிமா கெடுத்துவைத்த ஒரு வேடம்தான் நம் ஆட்களுக்கு நினைவு வரும். அந்தத் தயக்கம் எனக்கும் உண்டு. ஆனால் அது அங்கே அவர்களே தேர்ந்துகொண்ட சொல்.

தயாமணி பார்லாவைப் பற்றி முதலில் சொன்னதும் அந்த நிருபர்தான். முண்டா குடும்பம். எழுதப் படிக்கத் தெரியாத அப்பா ஏமாற்றப்பட்டு நிலத்தை இழந்தார். மகள் ராஞ்சியில் வீட்டுவேலை செய்துகொண்டே படித்து, இந்தி நாளிதழான 'பிரபாத் கபர்'இல் எழுதத் தொடங்கினார். எழுத்து வருமானம் போதாமல் ராஞ்சியில் டீக்கடை வைத்தார். கிராமத்துக்காரர்கள் வழக்கு, நிலம், அணை என்று எல்லாவற்றையும் பேசும் இடமாக அது ஆனது. கோயல், காரோ ஆறுகளில் கட்டத் திட்டமிட்ட அணையை எதிர்த்த போராட்டத்தில் அவர் இருந்தார். 2001 பிப்ரவரி 2 அன்று தப்கரா என்ற ஊரில் போராடியவர்கள் மீது போலீஸ் சுட்டதில் எட்டுப் பேர் இறந்தார்கள். அப்புறம் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது.

இதைக் கேட்டபோது என் வேலைமுறைதான் கண்முன் வந்தது. நான் முதலில் கலெக்டர் ஆபீசுக்குப் போன் செய்வேன், அடுத்து போலீசுக்கு. நிலம் போகிறவர் கடைசிப் பத்தியில் வருவார், இடம் இருந்தால். பக்கம் குறுக்கும்போது முதலில் வெட்டுப்படுவதும் அந்தப் பத்திதான். நானே எத்தனையோ முறை வெட்டியிருக்கிறேன்.

இப்போது டெஸ்க்கில் புதிதாகச் சேருகிறவர்களிடம் இரண்டு விஷயம் சொல்கிறேன். இனத்தின் பெயர் தெரிந்தால் அதையே எழுதுங்கள்: முண்டா, ஓராவ், சந்தால், ஹோ. பொதுவாகச் சொல்ல நேர்ந்தால் ஆதிவாசி அல்லது பழங்குடி. தலைப்பில் இடம் போதவில்லை என்று சண்டை வரும். வரட்டும்.

நவம்பர் 15, ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடிய முண்டா தலைவர் பிர்சா முண்டாவின் பிறந்த நாள். அன்றைய பக்கத்துக்கு எழுதும்போது ஊர்ப் பெயர், குலப் பெயர் எதுவானாலும் அந்த நிருபருக்குப் போன் போட்டு, அவர் உச்சரிப்பதைக் கேட்டுத்தான் தமிழில் எழுதுகிறேன். போன வருஷம் ஒரு பெயரை நான் மூன்று தடவை தப்பாகச் சொன்னேன். மூன்று தடவையும் பொறுமையாகத் திருத்தினார்.