மீன்தொட்டிக்குப் பின்னால் ஒரு கறுப்புச் சுவர்

கொக்குவிலில் எங்கள் வீட்டு ஹோலில் இருக்கும் மீன்தொட்டி 3 அடி நீளம், 15 அங்குல அகலம், 18 அங்குல உயரம். கப்பியும் மொலியும் வளர்க்கிறேன். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி வருவது. இந்த இரண்டு மீனுக்கும் அது நன்றாக ஒத்துவரும். குஞ்சுகளும் பெருகின. ஆனால் யாராவது ஹோலுக்குள் நடந்தால் போதும், எல்லாம் ஒரு மூலைக்கு ஓடி ஒளியும். நிறமும் வெளிறிக் கிடந்தது. தொட்டிக்குப் பின்னால் வெள்ளைச் சுவர், வயர்கள், காற்று மோட்டாரின் குழாய் எல்லாம் கண்ணாடிக்கூடாகத் தெரிந்தன. எங்களுக்கு அது அழகுப் பிரச்சினை. மீனுக்கு நாலு பக்கமும் திறந்த வெளி. எந்தப் பக்கத்தில் இருந்து ஆபத்து வரும் என்று அதற்குத் தெரியாது. இதை உணர எனக்குக் கனநாள் எடுத்தது.

முதலில் கடையில் அடிக் கணக்கில் வெட்டித் தரும் படத்தாளை வாங்கினேன். ஒரு பக்கம் பவளப்பாறை, மறுபக்கம் பச்சைச் செடிகள். பிள்ளைகள் பவளப்பாறையைக் கேட்டார்கள். நாலு மூலையிலும் செலோரேப் போட்டு ஒட்டினேன். நேரே நின்று பார்த்தால் பரவாயில்லை. கொஞ்சம் சாய்ந்து பார்த்தால் படமே இல்லை, பின்கண்ணாடி பாதரசம் பூசியதுபோல மினுங்கியது. தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்று நிற்பதால் வருகிற வேலை அது. காற்றுக் குமிழி வெடித்துத் தெறித்த தண்ணீர் மேல்விளிம்பால் உள்ளே இறங்கியது. காய்ந்த இடமெல்லாம் கேத்தலின் அடியில் படிவதுபோல வெள்ளைத் திட்டு. இரண்டு மாதத்தில் கழற்றி எறிந்தேன். நன்னீர் மீனுக்குப் பின்னால் கடல் பவளம் இருப்பதும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

தாளுக்கு எண்ணெய் தடவி ஒட்டினால் காற்று நிற்காது என்று ஒருவர் சொன்னார். உண்மைதான், ஆனால் எறும்பு வரும் என்று அம்மா விடவில்லை. பாறைபோல் வடித்த நுரைப் பலகையைத் தொட்டிக்குள் சிலிக்கோனால் ஒட்டும் முறையும் இருக்கிறது. பார்க்க மிக அழகு. ஆனால் அகலம் 15 அங்குலம்தான். அதிலும் இரண்டு மூன்று அங்குலம் போய்விடும். பலகைக்குப் பின்னால் குஞ்சு மாட்டினால் எடுக்கவும் முடியாது. ஸ்பிரே பெயின்ற் அடிப்பதும் ஒரு வழி, ஆனால் மீன் இருக்கும் வீட்டுக்குள் அதைச் செய்யவே கூடாது. காற்று மோட்டார் அறைக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. பெயின்ற் புகையும் அதோடு போகும்.

கடைசியில் ஓட்டோவுக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடைக்குப் போனேன். பளபளப்பில்லாத கறுப்பு வேண்டும் என்றதும் அந்தத் தம்பி எடுத்துக் காட்டினார். "அண்ணை, ஒட்டேக்க சவர்க்காரத் தண்ணி அடிச்சு ஒட்டுங்கோ, அப்பதான் இழுத்துச் சரிபண்ணலாம்" என்றார். நாலு பக்கமும் ஓரங்குலம் கூட விட்டு வெட்டித் தந்தார்.

வேலை முழுக்க வீட்டில்தான். தொட்டியில் சுமார் 140 லீட்டர் தண்ணீர், அதாவது 140 கிலோ. அரைவாசித் தண்ணீரோடு நகர்த்தினாலும் மூலை ஒட்டு விட்டுப்போகலாம். ஆகவே பழைய தண்ணீரில் பாதியை வாளிகளில் சேர்த்தேன். மீன்களைக் காற்றுக் குழாயோடு பெரிய பேசினில் விட்டு மூடினேன். பில்டரின் ஸ்பொஞ்சையும் அந்தத் தண்ணீருக்குள்ளேயே வைத்தேன்; கழிவை உடைக்கும் பக்டீரியா அதில்தான் இருக்கிறது, காய விட்டால் செத்துவிடும். மிச்சத் தண்ணீர் தென்னைக்குப் போனது.

வெளிக்கண்ணாடியில் இருந்த சுண்ணாம்பை வினாகிரி நனைத்த துணியைப் பத்து நிமிடம் போர்த்தி வைத்துத் துடைத்தேன். பிறகுதான் பயமான பகுதி. சவர்க்காரம் மீனுக்கு நஞ்சு. தொட்டியின் வாயைப் பொலித்தீனால் மூடிக் கட்டி, புதிதாக வாங்கிய ஸ்பிரே போத்தலில் ஒரு லீட்டருக்குச் சில துளி மட்டும் கலந்து, கண்ணாடி முழுக்க அடித்தேன். மனைவி கீழ்முனையைப் பிடிக்க, நான் மேலே ஒரு சாண் அளவுக்கு மட்டும் பின்தாளை உரித்து ஒட்டினேன். "இஞ்சருங்கோ, சரியுது" என்று அவர் சொன்னபோது உண்மையிலேயே அரை அங்குலம் சாய்ந்திருந்தது. ஈரம் இருந்ததால் தூக்கித் திரும்ப வைக்க முடிந்தது. அப்புறம் பழைய வங்கி அட்டைக்குத் துணி சுற்றி, நடுவில் இருந்து ஓரத்துக்கு, மேலிருந்து கீழாகத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே வந்தோம். போகாத குமிழிகளை ஊசியால் குத்தி அழுத்தினேன். ஓரங்களைப் பிளேட்டால் வெட்டி, ஒரு இரவு காய விட்டேன். மேல்விளிம்பில் மட்டும் செலோரேப்பை மடித்து ஒட்டினேன், தண்ணீர் இறங்காமல் இருக்க.

அடுத்த நாள் காலை பழைய தண்ணீரை முதலில் ஊற்றி, மிச்சத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் விட்டேன். முதல் மாற்றம் மூன்றாம் நாள் தெரிந்தது. ஆண் கப்பிகளின் வாலில் உள்ள ஆரஞ்சு நிறம் கறுப்பின் முன்னால் நெருப்புப்போல இருந்தது. கறுப்பு மொலி பின்புறத்தோடு சேர்ந்துவிடும் என்று கவலைப்பட்டேன், ஆனால் அதன் கண்ணும் செதிலும் தனியே மின்னுகின்றன. இது வெறும் கண்மாயம் இல்லை. மீனின் தோலில் இருக்கும் நிறமணிகள் இருண்ட சூழலில் விரிந்து பரவும், வெளிச்சமான இடத்தில் சுருங்கும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் அவை வெளிறியதற்கும் அதுதான் காரணம். இப்போது நான் கிட்டப்போனால் ஓடுவதில்லை, சாப்பாட்டுக்கு முன்பக்கம் வருகின்றன.

அதே ஸ்டிக்கரில் இன்னொரு துண்டைப் பின்னேர வெயில் விழும் பக்கக் கண்ணாடியில் ஒட்டினேன். அந்தப் பக்கம் வாரம் ஒருமுறை சுரண்டிய பச்சைப் பாசி இப்போது மாதத்துக்கு ஒருமுறைதான் கைக்கு வருகிறது.