மூணு நாளில் பணம் வரும் என்றார்கள்

திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் லைன் வீட்டில் குடியிருக்கிறோம். எட்டு வீட்டுக்கு இரண்டு கக்கூஸ், ஒரு தண்ணித் தொட்டி. சொந்த ஊர் ஆண்டிபட்டி பக்கம். எனக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை, ஷிப்ட் சம்பளம். வீட்டுக்காரர் பவர் டேபிளில் டெய்லர், காண்ட்ராக்டரிடம் பீஸ் ரேட். அதனால் எனக்கு பி.எஃப். பிடிப்பார்கள், அவருக்குக் கிடையாது. ஒரே ஊரில் ஒரே பனியனைத் தைத்தாலும் அப்படித்தான்.

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. கொரோனாவுக்காகச் சாயங்காலம் 6 மணியிலிருந்து 144 தடை என்று மத்தியானமே கம்பெனியை விட்டு அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கியிருந்தோம். திங்கள், செவ்வாய் பார்த்த வேலைக்குக் காசு நின்றுபோனது. ஊரடங்கு ஏப்ரல் 14 வரைக்கும்தானே, ஓட்டிவிடலாம் என்று இருந்தோம். அது மே 3 ஆனது, அப்புறம் 17, அப்புறம் 31. அரசாங்கம் ரேஷன் அட்டைக்கு 1,000 ரூபாயும் அரிசி பருப்பும் கொடுத்தது. எங்கள் அட்டை ஊரில். மாமியார் அங்கே வாங்கிக்கொண்டார். இங்கே நாலு வயிறு. இந்த ஊரில் வேலைக்கு வந்த பாதிக் குடும்பத்தின் நிலைமை அதுதான். அட்டை ஒரு ஊர், அடுப்பு ஒரு ஊர்.

மார்ச் 26ஆம் தேதி நிர்மலா சீதாராமன் அறிவித்ததில் பி.எஃப். பணமும் இருந்தது. கணக்கில் இருப்பதில் 75 சதவீதம், இல்லாவிட்டால் மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், இரண்டில் எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளலாம், திருப்பிக் கட்ட வேண்டாம். எங்கள் பணத்தை எங்களுக்கே தருவதற்கு நிவாரணம் என்று பெயர். சரி, வந்தால் போதும் என்றிருந்தது. ஆன்லைனில் போட்டால் மூணே நாளில் பேங்குக்கு வந்துவிடும் என்று டிவியில் ஓடிக்கொண்டே இருந்தது.

முதலில் யு.ஏ.என். நம்பர் வேண்டும், பி.எஃப். சைட்டுக்குள் போக ஒவ்வொருவருக்கும் இருக்கும் நம்பர் அது. சம்பளச் சீட்டில் இருக்கும் என்றார்கள். எங்களுக்குச் சம்பளம் கவரில் போட்டுத் தருவார்கள், மேலே பென்சிலில் ஷிப்ட் கணக்கு எழுதியிருக்கும், அவ்வளவுதான் சீட்டு. கம்பெனியில் வருகை, சம்பளக் கணக்கு பார்க்கும் டைம் ஆபீஸ் தம்பிக்குப் போன் அடித்தால் எந்நேரமும் பிஸி. முந்நூறு பேரும் அவரையே கூப்பிட்டிருப்பார்கள், பாவம். ஒருநாள் ராத்திரி அவரே வாட்ஸப்பில் நம்பரை அனுப்பினார். என்னிடம் பட்டன் போன், வீட்டுக்காரரிடம்தான் டச் போன். நெட் சென்டர் எல்லாம் அடைத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டு அக்கா மகள் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் லைனுக்கு அந்தப் புள்ளதான் நெட் சென்டர். பகலில் அந்த சைட் சுற்றிக்கொண்டே இருக்கும். ராத்திரி பன்னிரண்டுக்கு மேல்தான் திறக்கும். ஆதாரில் வீட்டுக்காரர் நம்பர் இருந்ததால் ஓ.டி.பி. வந்தது. எதிர்வீட்டில் இருந்த ஒடிசா பையன்களுக்கு அதுவும் இல்லை. ஆதாரில் கொடுத்த சிம் எப்போதோ தொலைந்துபோனது, நம்பர் மாற்ற ஆதார் மையமும் மூடல். அவர்கள் பணம் உள்ளே கிடக்க, மே மாசம் ரயில் விட்டதும் வெறுங்கையோடு ஊருக்குப் போனார்கள்.

உள்ளே போய்ப் பார்த்தால் என் பிறந்த தேதி 01-01-1982 என்றிருந்தது. ஆதாரில் 1984. வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த டைம் ஆபீஸ்காரர் குத்துமதிப்பாகப் போட்டிருக்கிறார். என்னோடு சேர்ந்த ஏழெட்டுப் பேரும் அவர் கணக்கில் ஜனவரி ஒன்றாம் தேதிதான் பிறந்திருக்கிறோம். தேதி ஒத்துப்போகாமல் ஆதார் சேராது, ஆதார் சேராமல் ஆன்லைனில் பணம் கேட்க முடியாது. ஆனால் ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு சலுகை வந்திருந்தது. வித்தியாசம் மூன்று வருடத்துக்குள் இருந்தால் ஆதாரையே ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம், வேறு சான்றிதழ் கேட்க வேண்டாம் என்று. தொழிற்சங்கத்து அண்ணன் போனில் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஆன்லைனில் திருத்தம் கேட்டோம். அப்போதெல்லாம் கேட்டது கம்பெனி லாகினுக்குப் போகும், கம்பெனி ஒப்புக்கொண்டு டிஜிட்டல் கையெழுத்துப் போட வேண்டும், அப்புறம் பி.எஃப். ஆபீஸ் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தக் கையெழுத்து ஒரு பென்டிரைவ் மாதிரி சாமானில் இருக்கிறது. சின்ன விரல் நீளம் இருக்குமாம். அதைக் கம்ப்யூட்டரில் சொருகினால்தான் கையெழுத்து விழும். அது கம்பெனி மேஜை டிராயரில், மேஜை பூட்டிய ரூமில், ரூம் பூட்டிய கம்பெனியில். சாவி முதலாளியிடம். டைம் ஆபீஸ் தம்பி இருப்பது அவிநாசியில். முந்நூறு குடும்பத்துப் பணமும் அந்த டிராயருக்குள் மாட்டிக்கிடந்தது என்றால் யார் நம்புவார்கள்?

இதற்கு நடுவில் எங்கள் கம்பெனியில் ஆர்டர் வேலைகளைப் பார்க்கும் மெர்ச்சன்டைசர் மேடம் ஒருநாள் போன் பண்ணினார். நல்ல மனுஷி, புள்ளைங்க எப்படி இருக்காங்க என்று கேட்கத்தான் கூப்பிட்டார். வீட்டிலிருந்து லேப்டாப்பில் வேலை, முக்கால் சம்பளம் வந்துகொண்டிருந்தது அவருக்கு. பேச்சோடு பேச்சாக பி.எஃப். பற்றிச் சொன்னேன்.

"எனக்கு மூணாம் நாளே வந்துருச்சேக்கா. சும்மா எடுத்து எஃப்.டி.ல போட்டு வச்சேன்" என்றார்.

ஸ்டாஃப்களுக்குப் பெயர், தேதி, பேங்க் எல்லாம் ரெண்டு வருஷத்துக்கு முன்பே ஆபீஸில் சரிபண்ணி வைத்துவிட்டார்களாம். கம்பெனிக்குள் லைனில் வேலை பார்ப்பவர்களுக்கு அப்புறம் பார்க்கலாம் என்று விட்டது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. டிவியில் சொன்ன மூணு நாள் பொய்யில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அது யாருக்கு என்பதைத்தான் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

ஏப்ரல் 26லிருந்து 28 வரை திருப்பூரில் முழு ஊரடங்கு, மளிகைக் கடைகூடக் கிடையாது என்றார்கள். 25ஆம் தேதி அண்ணாச்சி கடையில் நின்ற கூட்டத்தில் கையில் காசு இருந்தவர்கள் மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனார்கள். நான் பாக்கிக்கு அரை கிலோ பருப்பும் ஒரு பாக்கெட் எண்ணெயும் கேட்டு வாங்கினேன். வீட்டு ஓனரம்மா, "வாடகை இப்போதைக்கு வேண்டாங் கண்ணு, கரண்டு காசு மட்டும் குடுத்துருங்க" என்றார். தொழிலாளிகளிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாதென்று டெல்லியிலிருந்தே உத்தரவு போட்டிருந்தார்கள், அது அவருக்குத் தெரியுமோ என்னவோ. அதே உத்தரவில் மூடிக்கிடக்கும் நாளுக்கும் முழுச் சம்பளம் கொடுக்க வேண்டுமென்றும் இருந்தது. அதை எங்கள் பக்கம் யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. மே 18இல் அதையும் விலக்கிக்கொண்டார்கள்.

மே முதல் வாரத்தில் மாஸ்க் ஆர்டர் பேச்சு வந்து கம்பெனியைக் கொஞ்சம் திறந்தார்கள். தம்பி வந்து அந்தச் சாமானை எடுத்துப்போய், மச்சினன் லேப்டாப்பில் சொருகி, ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எல்லாருக்கும் கையெழுத்துப் போட்டார். ஓவர் டைம் கிடையாது. அவருக்கு இன்றைக்கும் எங்கள் லைனில் மரியாதை உண்டு.

தேதி திருந்தியதும் பணத்துக்குப் போட்டோம். படிவம் 31, காரணம் என்ற இடத்தில் கொள்ளைநோய் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. கணக்கில் 31,000 சொச்சம் இருந்தது. முக்கால் பங்கு 23,000 வரும் என்று நான் மனக்கோட்டை கட்டியிருந்தேன். ஆனால் எனக்குக் கம்பெனி காட்டியிருந்த பேசிக் மாசம் 5,500தான். ஷிப்டுக்கு 360 வாங்கினாலும் மிச்சமெல்லாம் வேறு வேறு படி என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு 16,500. எது குறைவோ அது.

அதையும் முதலில் தள்ளுபடி பண்ணிவிட்டார்கள். பாஸ்புக் படம் தெளிவாக இல்லையாம். என் பாஸ்புக் முதல் பக்கம் வியர்வை பட்டு மங்கிப்போனது. பேங்கில் ஒரு நேரத்தில் ஐந்து பேரைத்தான் உள்ளே விட்டார்கள். வெளியே வெயிலில் வட்டம் போட்டு நிற்க வைத்தார்கள். உள்ளே போனால் பிரிண்டர் வேலை செய்யவில்லை. மேனேஜர் புதுப் பாஸ்புக்கில் கையாலேயே பெயர், கணக்கு நம்பர், ஐ.எஃப்.எஸ்.சி. எல்லாம் எழுதி, சீல் குத்தி, கையெழுத்துப் போட்டுத் தந்தார். அதை வாசப்படி வெயிலில் வைத்து, சின்னவன் ஒரு மூலையையும் பெரியவள் ஒரு மூலையையும் பிடித்துக்கொள்ள, பாலிடெக்னிக் புள்ள படமெடுத்தாள். நிழல் விழுது தள்ளு, தள்ளு என்று பெரிய ஷூட்டிங்தான்.

இந்தத் தடவை போய்ச் சேர்ந்தது. ஜூன் மாசம் ஒரு மத்தியானம் மெசேஜ் வந்தது. அண்ணாச்சி பாக்கி, ரெண்டு மாச வாடகை, மீதியில் குழுக் கடன் தவணை. ஆகஸ்ட் 31 வரை தவணை கட்டத் தேவையில்லை என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தும் தவணை வசூலிக்கும் குழு சார் வாசலில் வந்து நின்றார். "கட்டாட்டி வட்டி ஏறிட்டே போகும்க்கா" என்றார். அது உண்மைதான், தவணையைத் தள்ளி வைத்தார்களே தவிர வட்டியைத் தள்ளவில்லை. கட்டிவிட்டேன்.

இதைப் படிப்பவர்களில் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் இருந்தால், வேலை இருக்கும்போதே பி.எஃப். சைட்டில் பெயர், இன்ஷியல், பிறந்த தேதி, ஆதார் போன் நம்பர் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். டைம் ஆபீஸில் அப்புறம் என்பார்கள், விடாமல் கேளுங்கள்.

2021 மே மாசம் மறுபடி அடைத்தபோது இரண்டாவது தடவையும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். எல்லாம் சரியாக இருந்ததால் எனக்கும் மூணாம் நாளே வந்தது. ஆனால் கணக்கில்தான் பெரிதாக ஒன்றுமில்லை. முக்கால் பங்கு குறைவாக இருந்ததால் இந்தத் தடவை அந்தக் கணக்கில் கொடுத்தார்கள். வீட்டுக்காரருக்கு இன்னும் பி.எஃப். இல்லை. போன தீபாவளிக்கு காண்ட்ராக்டரிடம் கேட்டார்.

"பிடிச்சா பீஸுக்கு இருபது பைசா குறையும், பரவாயில்லையாங்க?" என்றாராம்.

நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். பெரியவள் காலேஜ் ஃபீஸ் கட்டி முடியட்டும், அப்புறம் கேட்கலாம் என்று வைத்திருக்கிறோம்.