எச்-1 எண்ணெய்க்குக் கடிதம் வாங்கிய கதை

உணவுப் பாதுகாப்புத் தரநிலையான ஐஎஸ்ஓ 22000 தணிக்கையில் எங்கள் சேமியா ஆலையின் மேல் எழுதப்பட்ட பெரிய குறை, மாவு பிசையும் இயந்திரத்தின் கியர் பாக்ஸில் ஊற்றியிருந்த சாதாரண எண்ணெயைப் பற்றியது. அந்த கியர் பாக்ஸ் பிசையும் தொட்டிக்கு நேர் மேலே இருக்கிறது. ஆயில் சீல் தேய்ந்தால் சொட்டுவது மாவில்தான். எனவே அங்கே உணவில் தற்செயலாகப் படக்கூடிய இடத்துக்கான எச்-1 வகை எண்ணெய்தான் இருக்க வேண்டும், அது அந்த வகையில் பதிவானதைக் காட்டும் கடிதமும் கோப்பில் இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டுத் தணிக்கையாளர் போய்விட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எண்ணெயை மாற்றுவது அரை நாள் வேலை. கடிதம் கைக்கு வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ராணிப்பேட்டையில் லூப்ரிகண்ட் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பல தோல் பதனிடும் தொழிற்சாலைகளை நம்பி நடப்பவை. உணவு ஆலைக்கு எண்ணெய் என்று கேட்டு வருபவர் அங்கே அபூர்வம். நான் போன கடைக்காரர், “ஃபுட் கிரேடுதானே சார், இருக்கு” என்று ஒரு வெள்ளைக் கேனை எடுத்து வைத்தார். எண்ணெய் தண்ணீர்போலத் தெளிவாக, வாடையே இல்லாமல் இருந்தது. லேபிளில் கோதுமைக் கதிர் படமும் பச்சை எழுத்தில் ‘ஃபுட் கிரேட்’ என்பதும் இருந்தனவே தவிர, வகைக் குறியீடும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. கடிதம் கேட்டபோது அவர் நீட்டியது தயாரிப்பாளரின் ஐஎஸ்ஓ 9001 சான்றிதழை. அது நிறுவனத்தின் தர மேலாண்மைக்கு உரியது. உணவில் தற்செயலாகப் படக்கூடிய லூப்ரிகண்டுகளின் சுகாதாரத்துக்கான தரநிலை ஐஎஸ்ஓ 21469. இதை விளக்கியபோது, “ரெண்டும் ஐஎஸ்ஓதானே சார்” என்றார். கேனை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

எச்-1 போன்ற இந்த வகைப்பாடு அமெரிக்க வேளாண் துறையிடமிருந்து வந்தது. 1998இல் அத்துறை ஒப்புதல் வழங்குவதை நிறுத்திய பின், 1999 முதல் என்எஸ்எஃப் என்ற அமெரிக்கச் சான்றளிப்பு அமைப்பு அதே குறியீடுகளில் பதிவு செய்துவருகிறது. உணவின்மேல் தற்செயலாகப் படக்கூடிய இடத்துக்கு எச்-1, படவே வாய்ப்பில்லாத இடத்துக்கு எச்-2, அச்சிலும் தட்டிலும் ஒட்டாமலிருக்க நேரடியாகப் பூசுவதற்கு 3எச். எச்-1 என்றால் உணவில் கலந்தாலும் பரவாயில்லை என்று நினைத்துவிடக் கூடாது. கனிம எண்ணெய் உணவில் சேரக்கூடிய உச்ச அளவாக அமெரிக்க விதி வைத்திருப்பது பத்து லட்சத்தில் 10 பங்கு மட்டுமே.

அடுத்து, வாலாஜா ரோட்டில் ரயிலேறிச் சென்னையில் ஒரு விநியோகஸ்தரின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே பெயர் பெற்ற எண்ணெய் இருந்தது, கடிதமும் கொடுத்தார்கள். வீடு திரும்பிப் படித்தால் அது விஜி 460 என்ற பாகுநிலை கிரேடுக்கு உரிய கடிதம். எங்களுக்கு வேண்டியது விஜி 220. தொலைபேசியில் கேட்டதற்கு, “எண்ணெய் ஒண்ணுதான் சார், தடிமன்தான் வேற” என்று அங்கிருந்த எழுத்தர் முடித்துக்கொண்டார். விஜி எண் 40 டிகிரி வெப்பத்தில் எண்ணெயின் பாகுநிலையை மட்டும் சொல்வது என்பது உண்மைதான். ஆனால் அந்த எண்ணெயின் ஒவ்வொரு கிரேடும் தனித்தனிப் பதிவு எண்ணோடு இருந்தது. பெயரும் கிரேடும் கேனோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாத கடிதத்தைத் தணிக்கையாளர் ஏற்கவில்லை. மறுபடி கேட்டபோது வந்த கடிதம் எச்-2!

இதற்குமேல் அவர்களை நம்பிப் பயனில்லை என்று, என்எஸ்எஃப் இணையத்தில் வைத்திருக்கும் பட்டியலில் நானே தேடினேன். யாரும் இலவசமாகப் பார்க்கலாம். எங்கள் எண்ணெயின் 220 கிரேடு அதன் எண்ணோடு அங்கே இருந்தது. அந்த எண்ணை எழுத்தருக்கு அனுப்பிய சற்று நேரத்தில் சரியான கடிதம் வந்து சேர்ந்தது. கடைக்குப் போவதற்கு முன்பே இந்தப் பட்டியலைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு போவது நல்லது. பீப்பாயிலிருந்து வேறு கேனில் ஊற்றித் தருகிறோம், விலை குறையும் என்பார்கள். சீல் உடைக்காத கேன் தவிர எதையும் வாங்கக் கூடாது.

பழைய எண்ணெயைச் சூட்டோடு வடித்து, புதியதைக் கொண்டே கழுவி, நிரப்பியதில் சிக்கல் ஏதும் இல்லை. பேரிங்குகளில் வைக்கும் கிரீஸ் விஷயத்தில்தான் எச்சரிக்கை தேவை. பழைய லித்தியம் கிரீஸும் புதிய அலுமினியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸும் இரண்டுமே என்எல்ஜிஐ 2 தான், ஆனால் அந்த எண் கெட்டித்தன்மையை மட்டுமே குறிக்கிறது. இரண்டும் கலந்தால் இளகி பேரிங்கை விட்டு வழிந்துவிடலாம். எங்கள் ஃபிட்டர் ஒவ்வொரு பேரிங்கையும் கழற்றித் துடைத்த பிறகே புதியதை வைத்தார். கிரீஸ் கன்னும் தனியாக ஒன்று வாங்கி, பச்சை டேப் சுற்றி வைத்திருக்கிறோம்.

மறு தணிக்கையில் கடிதத்தையும் கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த தணிக்கையாளர், கொள்முதல் பில்லைக் கேட்டார். அதில் ‘ஆயில் 20 லிட்டர்’ என்று மட்டும் இருந்தது. முழுப் பெயரும் விஜி 220 என்பதும் அச்சிட்ட பில்லை அதே எழுத்தரிடம் மன்றாடி வாங்கி அனுப்பிய பிறகுதான் அந்தக் குறை நீங்கியதாகக் கையெழுத்திட்டார்.