உப்புக்காத்து ஊர்ல காருக்கு டச் ஸ்க்ரீன் செட் மாட்டப் போறீங்களா

மாமாவோட பழைய ஸ்விஃப்ட்டுக்கு 9 இன்ச் ஆண்ட்ராய்டு செட் மாட்டுனோம், உச்சிப்புளி வீட்டு வாசல்ல, நானும் மாமா பையனும். அதுல இருந்து சொந்தக்காரப் பயலுக எல்லாம் கேக்குறது ஒரே கேள்விதான், எந்த பிராண்டுண்ணே, எத்தன ஜிபிண்ணே. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் வண்டி வச்சிருக்கவன் மொதல்ல கேக்க வேண்டியது அது இல்லப்பா, வயர் ஜாயிண்ட்ட எப்படிப் போட்டீங்க, எர்த்த எங்க அடிச்சீங்கன்னுதான் கேக்கணும். ஜிபி கதைய நம்பவும் முடியாது, சில மலிவு செட்டுல செட்டிங்ஸ்ல 4 ஜிபின்னு எழுதியிருக்கும், உள்ள அவ்வளவு இருக்காது.

பேட்டரி மைனஸ கழட்டிட்டு டேஷ்போர்டு பேனல பிளாஸ்டிக் பட்டைய விட்டு மெதுவா நெம்பி எடுத்தோம் (ஸ்க்ரூ டிரைவர விட்டு நெம்புனா கிளிப்பு உடைஞ்சு அப்புறம் ஆயுசுக்கும் கடகடன்னு ஆடிக்கிட்டே வரும்). உள்ள பாத்தா கண்கொள்ளாக் காட்சி. முன்னாடி எவனோ கம்பெனி சாக்கெட்ட வெட்டி வீசிட்டு வயரோட வயர முறுக்கி கருப்பு டேப்ப சுத்தி விட்டுருக்கான். டேப்பு பசை வெயில்ல உருகி கையெல்லாம் பிசுபிசு. பிரிச்சா செம்புக் கம்பி பச்சையா பூத்துப்போய் இருக்கு, நகத்தால தொட்டதும் ரெண்டு இழை உதிர்ந்து விழுது. கடக்காத்து ஒரு பக்கம், மாமா டிக்கியில ஐஸ் போட்ட மீன் பெட்டிய ஏத்துறது ஒரு பக்கம், கம்பி பின்ன எப்படி இருக்கும். "செட்டு போச்சுடா, பாட்டு விட்டு விட்டு வருது"ன்னு மாமா ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருந்தாரு, கோளாறு செட்டுல இல்ல, இந்த முறுக்குலதான்.

உங்க வண்டியில கம்பெனி சாக்கெட் இன்னும் முழுசா இருந்தா தயவுசெஞ்சு வெட்ட விடாதீங்க. அந்தந்த வண்டிக்குன்னு கப்ளர் விக்கிது, சில நூறு ரூவாதான், ஒரு பக்கம் வண்டியில மறுபக்கம் செட்டுல சொருகுனா வேலை முடிஞ்சுது, வயர வெட்டுனா வாரண்டிக்கும் கம்பெனிக்காரன் கைய விரிச்சிருவான். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லாததால ஒவ்வொரு வயரா தேட வேண்டியதாப் போச்சு. செட்டுல வர்ற கலர் பெரும்பாலும் ஒரே மாதிரிதான், மஞ்சள் எப்பவும் கரண்ட் இருக்கணும், சிவப்பு சாவி போட்டா மட்டும், கருப்பு எர்த். ஆனா வண்டி வயரோட கலருக்கும் இதுக்கும் சம்பந்தமே இருக்காது, அதனால மல்டிமீட்டர் இல்லாம கைய வைக்காதீங்க. சாவிய எடுத்த பிறகும் 12 வோல்ட் காட்டுற வயருக்கு மஞ்சள், சாவி போட்டாத்தான் காட்டுங்கிறதுக்கு சிவப்பு. ரெண்டையும் சேத்து எப்பவும் கரண்ட் வர்ற வயருல குடுத்தா செட்டு தூங்காது, காலையில வண்டி செல்ஃப் எடுக்காது. ரெண்டையும் சாவி வயருல குடுத்தா ஒவ்வொரு தடவையும் செட்டு புதுசா பொறந்து வரும், ஸ்டேஷன் எல்லாம் மறந்துரும்.

ஸ்பீக்கர் வயர் கண்டுபிடிக்க ஒரு பழைய வித்தை இருக்கு. கடிகாரத்துக்குப் போடுற பென்சில் செல் ஒண்ண எடுத்து ஜோடி ஜோடியா தொட்டா அந்தந்த கதவுல இருந்து டப்புன்னு சத்தம் வரும். மாமா பையன், நம்ம மாப்ள, பின்சீட்டுல உக்காந்து "இடது கதவுண்ணே... இல்ல இல்ல வலது"ன்னு கத்த நான் பேப்பர் டேப்புல எழுதி ஒட்டிக்கிட்டே வந்தேன். ஸ்பீக்கர் கோனு வெளிய தள்ளுச்சுன்னா செல்லோட பிளஸ் தொட்ட வயர்தான் பிளஸ், உள்ள இழுத்தா மாறிருக்கு. ஒரு ஸ்பீக்கர் மாறிப் போனாலும் பேஸ் செத்துரும், அப்புறம் செட்டத் திட்டிக்கிட்டு இருப்போம்.

பச்சை பூத்த கம்பிய எல்லாம் பளபளன்னு நல்ல செம்பு தெரியுற வரைக்கும் வெட்டி, ஈயம் வச்சு, மேல சூட்டுல சுருங்கிப் பிடிச்சுக்கிற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு சூடு காட்டுனோம். எர்த்துக்கு டேஷ்போர்டுக்குப் பின்னாடி இருந்த துருப்பிடிச்ச போல்ட்ட நம்பல, பெயிண்ட்ட சுரண்டி வெள்ளையா இரும்பு தெரியவும் ரிங் லக் (வயர் முனையில மாட்டுற வளையம்) வச்சு இறுக்கி மேல கிரீஸ் தடவியாச்சு. ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கர்ல ஙொய்ங்ன்னு கூடவே ஏறுற சத்தம் பலபேர் வண்டியில கேட்டிருப்பீங்க, அது பெரும்பாலும் எர்த்து கோளாறுதான்.

எல்லாம் முடிஞ்சு ஆன் பண்ணா பாட்டு பிரமாதம், மேப்பு பிரமாதம், ஆனா மாமா கேட்டது ஒண்ணே ஒண்ணு, கடல் ஓசை வைடான்னாரு. பாம்பன்ல இருந்து மீனவங்களுக்காக ஒலிபரப்புற சமுதாய வானொலி, 90.4. ட்யூனர் 90.3 போகுது, அடுத்து 90.5ங்குது, 90.4ங்கிறதே அதுக்குத் தெரியல. ஆன்டெனா வயர ரெண்டு தடவ கழட்டி மாட்டுன பிறகுதான் ரேடியோ செட்டிங்ஸ்ல ஏரியா அமெரிக்கான்னு இருந்தத மாப்ள பாத்தான். அங்க ஸ்டேஷனெல்லாம் 0.2 இடைவெளியில ஒத்தப்படை புள்ளியிலதான் வரும், ஐரோப்பாவுக்கு மாத்துனதும் 90.4 வந்துருச்சு. மாமா அப்பத்தான் செட்டு நல்லா இருக்குன்னு ஒத்துக்கிட்டாரு.

ஆரஞ்சு வயர பார்க்கிங் லைட்டோட சேக்க மறக்காதீங்க, லைட்டப் போட்டா ஸ்க்ரீன் தன்னால மங்கும், ராத்திரி எங்க பக்கம் சில ரோட்டுல எதுத்தாப்புல ஒரு வெளிச்சமும் இருக்காது, அங்க 9 இன்ச் முழு வெளிச்சத்துல மூஞ்சிக்கு நேரா எரிஞ்சா ரோட்டுல படுத்திருக்க மாடு எங்க தெரியும். மேப்ப முன்னாடியே டவுன்லோடு பண்ணி வச்சிருங்க, தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை பக்கம் போனு சில நேரம் இலங்கை டவர பிடிச்சுக்கும், ரோமிங் ஆஃப்ல இருக்கட்டும், ஜிபிஎஸ் வானத்துல இருந்து வர்றது, அதுக்கு டவர் வேணாம்.

ஓடுறப்பவே வீடியோ தெரியணும்னு செட்டோட ஹேண்ட்பிரேக் வயர எர்த்துல குடுத்து, வண்டி நிக்கிதுன்னு செட்ட ஏமாத்துறத நாங்க செய்யல, மாப்ளைக்கு இன்னும் வருத்தம்தான். ரிவர்ஸ் கேமரா வாங்கியாச்சு, மாட்டல. மீன் பெட்டித் தண்ணி ஒழுகுற டிக்கி வழியா அந்த வயர எப்படிக் கொண்டு போறதுன்னு யாருக்காவது நல்ல யோசனை இருந்தா சொல்லுங்க.