படலைக்கு எதிர்க்கடை

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் எங்கள் பள்ளிக்கூட வாசற் படலைக்கு எதிரே இருந்த கடையில் ஒரு பக்கம் பலசரக்கு, மறுபக்கம் தேத்தண்ணி, நடுவில் காசு லாச்சி. அதன் கெட்டித்தனம் முழுவதும் சின்ன அளவில் விற்பதில் இருந்தது. கால் இறாத்தல் சீனி, இரண்டு அவுன்ஸ் தேயிலை, கால் போத்தல் நல்லெண்ணெய் என்றுதான் ஊர் வாங்கியது. இறாத்தலுக்கு 16 அவுன்ஸ், கலனுக்கு 6 போத்தல். அரிசிக்குக் கொத்து என்ற அளவு. 1953இல் பங்கீட்டுக் கூப்பன் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறி நாடே ஹர்த்தாலில் இறங்கியதே, அந்தக் கொத்துத்தான்.

நிறுக்கமுன் தூக்குத் தராசை வெறுமையாகத் தூக்கி முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். சரக்குத் தட்டில் போடும் அதே அளவு கடதாசியைப் படிக்கல் வைக்கும் தட்டிலும் போடவேண்டும். இரண்டு அவுன்ஸ் தேயிலையில் ஒரு கடதாசியின் பாரம் சின்னதல்ல. நல்ல கடைக்காரரை அதில்தான் ஊர் கண்டுகொண்டது.

சரை சுற்றுவது தனிக் கைவேலை. பேப்பரை மூலையிலிருந்து கூம்பாகச் சுற்றி, நுனியை முறுக்கி மேல்நோக்கி மடித்துவிடவேண்டும். முறுக்காவிட்டால் வீட்டுப் படலை வரை சீனி கோடு போட்டுக்கொண்டே வரும். மிளகாய்த்தூளுக்கு இரட்டைக் கடதாசி. மாரியில் சீனியும் கசியும், செத்தல் மிளகாய் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் கண்ட அன்றே சாக்கை விரித்துக் காயவைப்பார்கள். உப்புக்கு மரப்பெட்டி, தகரம் கறள் பிடித்துவிடும். மண்ணெண்ணெய் அரிசிக்குக் கிட்ட வரவே கூடாது, மணம் ஏறினால் எத்தனை தரம் களைந்தாலும் போகாது.

வாசல் தூணில் சுருட்டுப் பற்றவைக்கத் தும்புக் கயிறு கனன்றுகொண்டு தொங்கும். பக்கத்தில் வாழைக்குலை, மேற்சீப்பு முதலில் பழுப்பதால் அங்கிருந்தே விற்பனை.

தேத்தண்ணிக்குத் துணிப் பை. கொதித்துக் குமிழும் நீரை ஊற்றி, சாயம் இறங்கியதும் பையை எடுத்துவிடவேண்டும். ஊறக் கிடந்தால் கயர்க்கும். அந்திக்குப் பையைக் கழுவிக் காயவைக்காவிட்டால் மறுநாள் புளித்த வாடை வரும். பால் கலக்காத பிளேன்ரீக்குப் பனங்கட்டியைக் கடித்துக்கொள்வதே சரியான முறை. கலக்கினால் இரண்டின் ருசியும் கெடும்.

1990இல் போரோடு வடக்குக்கு அரசின் பொருளாதாரத் தடை வந்து மண்ணெண்ணெய் அருமையானபோது கால் போத்தலும் பெரிய அளவாகிவிட்டது. ஜாம் போத்தலில் பஞ்சை நனைத்து எரித்த விளக்குக்குத் துளிக்கணக்கில் வாங்கினார்கள். 2002இல், போரால் மூடிக்கிடந்த யாழ்ப்பாணம்-கண்டி ஏ9 பாதை திறந்தபின் பைக்கற் சாமான் வந்து குவிந்தது, சரை குறைந்தது.

தேத்தண்ணியோடு கடிக்கும் பருத்தித்துறை வடை மட்டும் மாறவில்லை. ஊறவைத்து நன்றாக நீர் வடித்த உளுந்து, ஏறக்குறைய அதே அளவு கோதுமை மா (பாதி அவித்தது, பாதி அவிக்காதது), இடித்த செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, உப்பு. நீர் தெளித்துத் தெளித்து இறுக்கமாகப் பிசைந்து, மெல்லிய தட்டாகத் தட்டிப் பொரிக்கவேண்டும். நீர் கூடினால் எண்ணெய் குடிக்கும், தடித்தால் நடு வேகாது. இப்போது லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் பொதியில் வருகிறது. வந்ததும் இறுக மூடும் பேணியில் போடுங்கள். பிரிட்ஜில் வைக்கவேண்டாம், நமத்துவிடும்.